கம்பவுண்டர் அக்காவின் கைராசி

அவள் ஓட்டுவது பேருந்து. ஆனால் டிப்போவில் அவளுக்குக் கம்பவுண்டர் என்றுதான் பெயர். பெண்கள் ஓய்வறையில் அவள் வைத்திருந்த பிஸ்கட் டப்பாதான் காரணம். யாருக்காவது டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, பாதியிலேயே உடம்பு தேறிவிட்டால் மிச்சம் அந்த டப்பாவுக்கு வந்துவிடும். அடுத்து யாருக்கு நீர்க்கடுப்போ அவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். நீர்க்கடுப்பு அங்கே சளி மாதிரி சர்வசாதாரணம். வழித்தடத்தின் எந்த முனையிலும் கழிப்பறை கிடையாது. அதனால் வண்டியில் ஏறிவிட்டால் பெண்கள் தண்ணீர்ப் பாட்டிலை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

"சிவப்பு போட்டுக்கோ. எரிச்சல் நின்னதும் நிறுத்திடு. மிச்சத்தைக் கொண்டாந்து போட்டுடு" என்பாள். வீணாக்குவது அவளுக்கு ஆகாது. கைராசிக்காரி என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தாள்.

தனக்கு வந்தாலும் அதே வைத்தியம். இன்று சிவப்பு, நாளை மஞ்சள், கைக்கு எது அகப்படுகிறதோ அது. எரிச்சல் போகும், கொஞ்ச நாளில் போன மச்சான் திரும்பி வந்த மாதிரி வந்து நிற்கும். அவள் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், ஓயாமல் பேசுபவர். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டேன்" என்று நச்சரிப்பார். "தலைக்கு மேல இருக்கறதை மட்டும் நீங்க பாருங்க" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், வண்டி நிறையக் கூட்டம். அவளுக்கு விலாவில் சுருக்கென்று குத்தியது; குளிர்காய்ச்சலில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. எப்படியோ ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தாள். கண்டக்டர் பெண்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடது கிட்னிக்குள் கிளை விட்டு ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கல்லைக் கட்டினதே கிருமிங்கதான். உள்ள குடித்தனம் நடத்துதுங்க, மருந்து அங்க போய்ச் சேராது. நீங்க அரையும் குறையுமா மாத்திரை போட்டப்ப நோஞ்சானுங்க செத்தானுங்க, கெட்டிக்காரனுங்க பொழச்சுப் பெருகிட்டானுங்க. லேப்ல அந்தக் கிருமியை வளர்த்து ஒவ்வொரு மருந்தா வச்சுப் பார்த்தோம். நீங்க போட்ட கலர் எதுக்கும் அது அசையல. ஒரே ஒரு ஊசிதான் மிச்சம்."

"அதுவும் கேக்கலைன்னா?"

"கேட்டா கல்லை மட்டும் எடுப்போம். கேக்கலைன்னா கிட்னியையே எடுக்க வேண்டி வரலாம்."

பக்கத்தில் நின்ற கணவர் வாயே திறக்கவில்லை. அவளுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

ஊசி கேட்டது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. நாள் குறித்துக் கல்லை எடுத்தார்கள், கிட்னி தப்பித்தது. கணவருக்குப் பேச்சும் திரும்பியது, அடுத்த கட்டில்காரர்கள் தலையணையால் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு.

மறுநாள் கண்டக்டர் பெண் பார்க்க வந்தாள். குடிக்கக் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றாள். கணவர் வெளியே போனதும் கட்டிலருகே குனிந்தாள்.

"அக்கா, எனக்கும் எரியுது. நீங்க இல்லையேன்னு நானே மஞ்சளைப் போட்டேன். கேக்கல. அடுத்து எந்தக் கலரு போடட்டும்?"

கிட்னி போய்விடும் என்றபோதுகூட அழாதவள் இப்போது பொலபொலவென்று அழுதாள். எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பாள். எல்லோரும் நம்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்களே.

"எனக்குத் தெரியாதுடி. எப்பவுமே தெரிஞ்சதில்ல" என்றாள். "எந்திரி."

கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸோடு, ஸ்டாண்டை உருட்டியபடி, நர்ஸ் கத்தக் கத்த, அவளை லேப் ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். உள்ளே இருந்தவர் ஸ்டாண்டையும் ஆஸ்பத்திரி உடையையும் பார்த்துவிட்டு, சிறுநீர்ச் சோதனை டப்பியை அவளிடமே நீட்டினார்.

"எனக்கில்ல சார், இவளுக்கு" என்றாள். கண்டக்டர் பெண்ணின் கையை அப்போதும் அவள் விடவில்லை.