ஒன்றரைக் கட்டை இறக்கிய பாட்டுகள்

அந்தத் தேதிகளை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பார்த்தேன் என்றால் நான் செய்தது அலட்சியம். பார்க்கவில்லை என்றால் வெறும் தவறு. எது என்று தெரிந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

என் கணவரும் அவருடைய அக்காவும் விசேஷங்களில் பாடுகிறவர்கள். பிழைப்பு அதுவல்ல. அவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் பார்க்கிறார். அக்காவை நான் மதினி என்பேன். அவர் விஸ்வநத்தத்திலிருந்து வந்து இன்னொரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறார். ராகுகாலம், எமகண்டம், முகூர்த்த நாள் என்று வருஷம் முழுக்க அடுத்த வருஷத்தை அடித்துக்கொண்டிருப்பார். காதுகுத்து, வளைகாப்பு என்று யாராவது கூப்பிட்டால் அக்காவும் தம்பியும் மைக் பிடிக்கப் போவார்கள். வாத்தியக்காரர்கள் கிடையாது. பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் வரும் கரோக்கே பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அதை ட்ராக் என்போம். எங்கள் வீட்டில் ஒரு சேகரிப்பு, மதினி வீட்டில் ஒன்று. ஆரம்பத்தில் ஒரே சிடிகளிலிருந்து ஏற்றியவை. பிறகு அவரவர் சேர்த்துக்கொண்டே போனார்கள். விசேஷத்துக்கு அவரவர் பாடும் பாட்டுகளை அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அன்றன்றைக்கு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மதினியின் கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்றார் ரிப்பேர் கடைக்காரர். காலண்டர் சீசன், மதினிக்குச் சாப்பிடவே நேரமில்லை. என் கணவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பி.சி.ஏ. படிச்சவ நீதான? ரெண்டையும் ஒண்ணாச் சேத்துரு. நம்ம பாட்டுல ஒண்ணுகூட அழியக்கூடாது, பாத்துக்க."

சாயங்காலம் மதினி போன் செய்தார்.

"தாயி, அங்கன இருக்கதெல்லாம் வந்துருமா?"

"வந்துரும் மதினி."

"ஒண்ணு விடாம?"

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஆர்டர முடிங்க."

இரண்டு தடவை கேட்டார். ஏன் இரண்டு தடவை கேட்கிறார் என்று நான் கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் மதினியின் டிஸ்க்கைக் கழற்றி எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம், பல் முளைக்கிற எரிச்சலில் நச்சரித்துக்கொண்டிருந்த ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். எங்களிடம் இல்லாத பாட்டுகள் ஓடி வந்து சேர்ந்தன. இரண்டு பக்கமும் இருக்கும் பாட்டு வந்தால் மட்டும் கம்ப்யூட்டர் நிறுத்திக் கேட்டது: இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா? அதன் கீழே இரண்டு பாட்டுகளின் அளவும், கடைசியாக மாற்றிய தேதியும் இருக்கும். 'எஸ்', 'எஸ் டு ஆல்', 'நோ' என்று பொத்தான்கள் இருந்தன. 'நோ டு ஆல்' என்று ஒன்று இல்லை.

என் சுபாவத்துக்கு 'நோ'தான் பத்திரமாகத் தெரிந்தது. இருப்பதை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைக்கிறவள் நான். என் கணவரும் அதைத்தானே சொன்னார்? முதலில் வந்த நாலைந்தில் அளவைச் சரிபார்த்தேன். ஒன்றுபோல இருந்தது. பிறகு ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு மறு கையால் நோ, நோ, நோ. நூறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அளவைப் பார்த்த கண் அதற்கு அடுத்த வரியில் இருந்த தேதியைப் பார்க்காமலா இருந்திருக்கும்?

பழைய டிஸ்க்கைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மதினியின் பெட்டிக்குப் புது டிஸ்க் போட்டு, நான் சேர்த்து வைத்ததையே அதிலும் ஏற்றினோம். இரண்டு வீட்டிலும் இப்போது ஒரே பாட்டுகள். வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆயுத பூஜையன்று வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாட்டு. வெடிமருந்து ஷெட்டுகளுக்கு எட்டாத தூரத்தில், கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மைக் செட் போட்டிருந்தார்கள். வேன் வேனாக வந்து இறங்கிய பெண்கள் புதுச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, என் மகள் பிறப்பதற்கு முன்னால், மதினிக்கு மதுரையில் தைராய்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் குரல் அப்படியே இருக்கிறது என்று ஊரே சொல்லும். அந்தப் பெண்கள் கத்திக் கேட்டது மதினி எப்போதும் பாடுகிற பாட்டை.

"யக்கா, நம்ம பாட்டப் போடுக்கா!"

பல்லவியை எப்படியோ ஒப்பேற்றினார். சரணம் மேலே ஏறும் இடத்தில் குரல் ஏறவில்லை. இரண்டாம் தடவையும் முட்டிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தம்பி கையில் திணித்தார்.

"ஏலே, நீ பாடு."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "என்னக்கா, சரவெடின்னு நெனச்சா நமுத்துப்போச்சு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். திரும்பி வரும்போது வண்டியில் கழுத்துத் தழும்பில் கையை வைத்தபடியே வந்தார்.

"நமக்கு அம்புட்டுத்தான் போல, தாயி."

வீட்டில் தனியாக மற்ற பாட்டுகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் எட்டவில்லை. சீக்கு திரும்பிவிட்டது என்று பயந்து மதுரைக்குப் போனார். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். "அவுக மறைக்காக," என்றார் மதினி. அதற்குப் பிறகு அவர் பாடவே இல்லை. என் கணவர் தனியாகப் போனார். அக்கா வரலையா என்று கேட்டுக் கேட்டு, கூப்பிடுவதும் குறைந்தது.

இந்த ஆடியில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மகள் பிறந்த புதிதில், தொட்டில் ஆட்டும்போது போட என்று மதினி ஒரு சிடி கொடுத்திருந்தார். நாலைந்து ட்ராக்குகள். முன்பெல்லாம் அவர் வரும்போது அதைப் போட்டுப் பிள்ளைக்குப் பாடுவார்; அவர் நிறுத்திய பிறகும் நான் தினமும் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த சிடி பிளேயர் அன்று ஓடவில்லை. அதே பாட்டுதானே என்று கம்ப்யூட்டரில் போட்டேன். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது.

"இது அத்தை பாட்டு இல்ல."

"அதே பாட்டுதான்டி."

"இல்ல. அத்தை பாட்டு கீழ இருக்கும்."

சிடியைக் கம்ப்யூட்டரில் செருகி இரண்டையும் மாறி மாறிப் போட்டேன். பெயர் ஒன்று, நீளம் ஒன்று. சிடியில் இருந்தது ஒன்றரைக் கட்டை சுருதி குறைவு. அப்போதுதான் புரிந்தது. ஆபரேஷனில் மதினியின் குரல் இறங்கியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாமல், ஒவ்வொரு பாட்டாகச் சுருதியை இறக்கி, பெயரை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார். மாற்றிய தேதி எங்களுடையதைவிடப் புதிதாக இருந்திருக்கும் அந்தப் பாட்டுகளுக்குத்தான் நான் நூறு தடவைக்கு மேல் நோ சொன்னேன்.

கணவரிடமும் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொன்னால் மதினி மறைத்ததையும் சொன்னதாக ஆகும். சில சமயம் மதினிக்கே தெரிந்திருக்குமோ என்று தோன்றுகிறது. அத்தனை பாட்டையும் மாற்றிய கைக்குச் சந்தேகம் வராதா? வந்திருந்தால், என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறாரா? மறுபடி, அப்படியென்றால் மதுரைக்கு ஏன் போனார்?

போன வாரம் அதே பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். மதினி முதலில் முடியாது என்றார். பிறகு என்னிடம் போனில், "அதுக்கு முன்ன ஒரு நா ஒங்க வீட்டுக்கு வாரேன். ஒரே ஒரு தடவ பாடிப் பாக்கேன். வரலைன்னா இனிமே என்னைய யாரும் கேக்கக்கூடாது, சரியா?" என்றார்.

சுருதி இறக்கும் வேலையை நான் கற்றுக்கொண்டேன். பிள்ளை பகலில் தூங்கும் நேரத்தில் இதுவரை பதினொரு பாட்டுகளை இறக்கிவிட்டேன், பழைய பெயர்களிலேயே. மதினி வரும் நாளில் ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் போட்டால் பாடிவிடுவார். குரல் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார். ஆனால் அவர் பயந்து கழித்த ஒரு வருஷத்துக்கு நான்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாமலே போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் யாருக்கும் காட்டாமல் மறைத்த ஒன்றை நான் அவர் முகத்துக்கு நேரே எடுத்து வைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் பாடுவாரா?

இதைப் படிக்கிறவர்களில் மதினியின் இடத்தில் இருந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். பாட்டைப் போடுவதற்கு முன்னால் சொல்லவா, அவர் பாடி முடித்த பிறகு சொல்லவா, சொல்லாமலே இருந்துவிடவா? ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தயவுசெய்து எழுதுங்கள்.