கல்லறைச் சிலுவையில் என் பெயர்

பிள்ளை ஒன்று இறந்துபோனால், அடுத்துப் பிறப்பதற்கு அந்தப் பெயரையே ஞானஸ்நானத்தில் வைப்பது எங்கள் கடற்கரை வீடுகளில் உண்டு. என் அக்கா சின்ன வயதில் காய்ச்சலில் போனாள். மறுவருடம் நான் பிறந்தேன். பெயர் தயாராக இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா என்னையும் கூட்டிப் போவாள். சிலுவையில் என் பெயர் இருக்கும். அதன் கீழே மெழுகுதிரி கொளுத்துவதும் நான்தான். கூடப் படித்தவள் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ செத்துட்டியா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது குரலே குழைந்துவிடும். அந்தக் கொஞ்சல் எனக்கானதில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். "உனக்கு நெத்திலின்னா உயிருல்லா மக்கா" என்று தட்டில் அள்ளி வைப்பாள். எனக்கு நெத்திலி பிடிக்காது. எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

முப்பதைத் தாண்டிய பிறகு பெயரை மாற்றப் போனேன். நாகர்கோவில் வக்கீல், "கல்யாணமா, எண்கணிதமா?" என்றார். நான் இன்னும் சாகவில்லை, அதுதான் காரணம் என்பது வாய் வரை வந்தது. மனக்கஷ்டம் என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு பெயராகத் தேடி எடுத்திருந்தேன். சில மாதங்களில் அரசிதழில் வந்தது. இனியாவது அம்மா என்னைப் பார்ப்பாள் என்று நம்பினேன். என்ன நம்பிக்கையோ!

விஷயத்தைச் சொன்னபோது அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்ப அவளுக்க பேர இனி யாருட்டி வச்சிருப்பா?"

அதன்பிறகு அவள் என்னைப் பழைய பெயரிலும் கூப்பிடவில்லை, புதுப்பெயரிலும் கூப்பிடவில்லை. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்பாள், சுவரைப் பார்த்து.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கும் ஒன்றாகத்தான் போனோம். வழக்கமாக நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறவள், அன்றைக்கு மணலில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரையோ அன்றுதான் அடக்கம் செய்ததுபோல ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் அவளைத் தாங்கிப் பிடித்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ஒரே மவதான் சிஸ்டர். செத்துப் போனா."

நான் அவள் பக்கத்திலேயே தீப்பெட்டியோடு நின்றிருந்தேன். நீ யார் என்பதுபோல் சிஸ்டர் என்னைப் பார்த்தார். அம்மா சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் மெழுகுதிரி காற்றில் அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருந்தாள்.