கால் போன பக்கம் கஸ்டம்ஸ்

ஒரு ஊருல ஒரு பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டணம், பட்டணத்துல ஒரு மடக்கு மேசை, மேசைக்குப் பின்னால நான். கலை விழாவில் ஜொகூர் பாருவைச் சுற்றவைக்கும் விளையாட்டை நடத்துபவனுக்கு வேலை ஒன்றுதான்: வழி தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பது. எந்த விழாவிலாவது கழுத்தில் பெயர் அட்டையோடு கால்கடுக்க நின்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

போனுக்கு ஓய்வு

விதி எளிது. கைப்பேசியைத் துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அது கேட்பதைத் தெருவில் இருப்பவர்களிடம் விசாரித்தே முடிக்க வேண்டும். மூன்று அட்டை முடித்தால் மேசையிலிருக்கும் மணியை அடிக்கலாம். பரிசு அவ்வளவுதான்.

யோங் பெங்கிலிருந்து வந்த அண்ணன் ஒருவருக்குப் பழைய முடிவெட்டும் கடையைத் தேடும் அட்டை வந்தது. போனவர் வெகுநேரம் கழித்துப் புதுத் தலையோடு திரும்பினார். "வழி கேக்கத்தான் போனேன், உக்காருன்னாரு. உக்காந்துட்டு சும்மா எழுந்து வர முடியுமா லா?"

யோசிக்காமல் நடங்கள்

மாலா அக்கா மகள் கவினாவோடு வந்தார். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கஸ்டம்ஸ் சோதனைச்சாவடி வழியாகப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அன்று ஞாயிறு, அபூர்வமாகக் கிடைத்த விடுமுறை. "அம்மாவுக்கு இந்த ஊரே தெரியாதுண்ணே. அப்பாவைத்தான் கூப்பிட்டேன், இவங்க வந்துட்டாங்க" என்றாள் கவினா. அக்கா சிரித்தார். ஆனால் அட்டையை மகள் கையில் கொடுக்கவில்லை.

'யோசிக்காமல் கால் போகும் பக்கம் நடங்கள். நிற்கும் இடம் எதுவென்று வந்து சொல்லுங்கள்.' இதை எழுதியவர்கள் கோலாலம்பூர்க்காரர்கள், பாவம், இந்த ஊர்க் கால்கள் எங்கே போகும் என்று தெரியாது. அக்கா வியர்த்துப்போய்த் திரும்பினார். "யோசிக்காமதான் நடந்தேன் தம்பி. கால் நேரா கஸ்டம்ஸ் வாசல்ல போய் நிக்குது."

அட்டையில் இல்லாதவை

அடுத்த அட்டை, கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் கடை. என் மேசைக்கு எதிரே ஒரு பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவருக்கும் விழாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கேட்டு வந்த ஒவ்வொருவரையும் தன் மசாலாவை முகர வைத்து, அடுத்து ரொட்டி சுடும் சீனர் கடைக்கு, அப்புறம் பூக்கடைக்கு என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒரு கடை போதுமே பாய் என்று போய்ச் சொன்னேன். "அட்டையில இடம் இல்லாட்டி என்ன தம்பி, தெருவுல இருக்குல்ல."

தெரிந்தவர்

மூன்றாவது: 'உங்கள் பெயர் தெரியாமலே, நேற்றுவரை உங்களைப் பார்த்துப் பழகிய ஒருவரை இந்தத் தெருவில் கண்டுபிடியுங்கள்.'

அக்கா தயங்கித் தயங்கிப் போனார். "என்னை முன்ன பாத்திருக்கீங்களா பாய்?" பாய் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, இல்லையேம்மா என்றார். ரொட்டிக் கடையிலும் பூக்கடையிலும் அதேதான். எனக்கே வழி தெரியாத அட்டை அது. கவினா மணியை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிப் பக்கம் நடந்தாள். அக்காவுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கும். "போலாம் கவி" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் சிவப்பு டேப் ஒட்டிய ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை உதைத்தார்.

சத்தம் கேட்டு பாய் தோள் துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டார். "தே-ஓ தங்கச்சி, நீங்களா? தினம் விடியக்காலம் இந்தச் சத்தம் கேட்டாலே பால் ஊத்தாத டீ, அதான் தே-ஓ, பையில கட்டிடுவேன். ஹேண்டில்ல மாட்டிட்டுப் பறந்துடுவீங்க. போன வாரம் ஒருநாள் வரல, கட்டினதைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கவினா ஓடிவந்து மேசை நடுங்க மணியை அடித்தாள். பிறகு அம்மா பின்னால் ஏறி, இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வாட்டி ஹெல்மெட்டோடயே விளையாடும்மா."

வண்டி அன்றைக்கு கஸ்டம்ஸ் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. கழுத்தில் பெயரை எழுதி மாட்டிக்கொண்டு நாளெல்லாம் நின்ற என்னைத்தான் அந்தத் தெருவில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.