இடப்பக்க இரைச்சல்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு 'மனு' என்று பெயர். எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதாத மனு கிடையாது. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒன்று, பெண் கண்டக்டர்களுக்கு ஓய்வறை இல்லை என்று ஒன்று, விளக்கம் கேட்காமலே டிரைவரை வீட்டுக்கு அனுப்பியதைக் கண்டித்துப் பதினேழு. அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். அதிர்ஷ்டக் கல் மோதிரம் போட்டு வந்த ஃபோர்மேனின் விரலைப் பிடித்து, கல்லின் மேல் மீட்டரை வைத்து, "கரண்டே போகலையே அண்ணே, அதிர்ஷ்டம் மட்டும் எப்படிப் போகுது?" என்று கேட்டவர்.

அப்படிப்பட்டவர்தான் அளந்து பார்த்துத் தப்புச் செய்தார்.

தபாலில் ஒரு பெட்டி வாங்கியிருந்தார். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள், ரெசிஸ்டர்கள், கம்பிகள், பற்றவைக்க ஈயம், ஒரு வரைபடம். பாட்டுக் கருவிக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் நிற்கிற ப்ரீஆம்பை நாமே கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் கோத்தார். சுவிட்சைப் போட்டதும் வலப்பக்க ஸ்பீக்கர் பாடியது. இடப்பக்கம் குளவிக்கூடு போல இரைந்தது. மீட்டரை எடுத்தார். வால்வின் அருகே இருந்த ஒரு ரெசிஸ்டர் பத்து லட்சம் ஓம் காட்ட வேண்டும், தொண்ணூறாயிரம் காட்டியது. தப்பான சாமானைப் போட்டுவிட்டார்கள்! அந்தச் சூட்டிலேயே கம்பெனிக்குக் கடிதம் எழுதி, மீட்டரின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். 'பொறுப்பற்ற கைகள்' என்று ஒரு வரி. எழுதும்போது இனித்தது.

நான்காம் நாள், அவருடைய வார விடுமுறை. பகல் ஒரு மணிக்கு ஃபோன் வந்தது.

"சார், லெட்டர் போட்டது நீங்கதானே? அந்தப் பொறுப்பத்த கை பேசுது."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

"உங்க பெட்டியில சாமான் எடுத்து வச்சவ நான்தான். 'என் கவனக்குறைவு'ன்னு ஒரு தாள் அடிச்சு வச்சிருக்காரு முதலாளி. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். போட்டா நாளையிலேர்ந்து வேலை இல்ல."

"அம்மா, நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தமோ இருக்கட்டும் சார். நான் ஒவ்வொண்ணையும் மீட்டர்ல வச்சுப் பாத்துத்தான் பையில போடுவேன். நீங்க ரெசிஸ்டரோட ஒரு காலைக் கழட்டிட்டு அளந்தீங்களா, இல்ல அப்படியே வச்சா?"

அவர் கழற்றவில்லை. அப்படியேதான் வைத்தார். சர்க்யூட்டில் கோத்த ரெசிஸ்டரை அப்படியே அளந்தால், மீட்டர் அனுப்பும் கரண்ட் பக்கத்தில் திறந்திருக்கும் வேறு வழியாகவும் ஓடும். இங்கே வால்யூம் திருகி வழியாக ஓடியிருக்கிறது. இரண்டு வழியையும் சேர்த்துத்தான் மீட்டர் சொல்லியிருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. இவர்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டார். பேருந்தில் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய கை.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து தையல் ஆலையிலிருந்து வந்த மனைவி, தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"விளக்கம் கேக்காம தண்டிக்கக் கூடாதுன்னு மேடை மேடையாக் கத்துவீங்க. இந்தப் பொண்ணுகிட்ட எந்த மகராசன் விளக்கம் கேட்டாரு?"

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று ஃபோனை வைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி மீட்டரை வைத்தார். ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். அவள் வைத்தது சரியான சாமான்.

உடனே முதலாளியைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப எதுக்கு சார் இரையுது?" முதலாளியின் குரலில் பதற்றமே இல்லை. "இது இல்லேன்னா வேற எதையாவது மாத்திப் போட்டிருப்பா. காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, தாளைக் கிழிச்சிடறேன். இல்லேன்னா உங்க லெட்டரே எனக்குப் போதும். நின்னுக்கிட்டே வேலை பாக்க முடியாது, நாற்காலி போடுன்னு கிளப்பி விட்டவ சார் அவ. நாலு பேர் அவ பின்னாடி."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலி கேட்டவளை வெளியேற்ற அந்த ஆள் காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். தொழிலாளிக்காகவே பேனா பிடிப்பதாக நினைத்திருந்தவர், கத்தியைத் தீட்டி, கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டியிருக்கிறார்.

மணி ஒன்று நாற்பது.

வலப்பக்கம் ஒழுங்காக வேலை செய்வதால் அதுதான் அளவுகோல். இரண்டு பக்க வால்வுகளையும் இடம் மாற்றினார். இரைச்சல் இடப்பக்கத்தை விட்டு அசையவில்லை, வால்வு நிரபராதி. சுவிட்சை அணைத்து, உள்ளே தேங்கிய கரண்ட் வடியும்வரை காத்திருந்து, இடப்பக்க ரெசிஸ்டர் ஒவ்வொன்றின் காலையும் தூக்கி அளந்தார். மனைவி வரைபடத்தைப் பார்த்து எண்ணை வாசித்தாள்.

"ஆயிரத்து ஐநூறு."

"சரியா இருக்கு."

"ஒரு லட்சம்."

"சரியா இருக்கு."

ஒவ்வொரு 'சரி'யும் நிம்மதி தர வேண்டியது, தரவில்லை. சாமான் எல்லாம் சரி என்றால் மிச்சமிருப்பது கோத்த கை. கழற்றிய கால்களைத் திரும்பப் பற்றவைத்துச் சுவிட்சைப் போட்டார். அதே குளவிக்கூடு. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

இனி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டிப் பார்க்க வேண்டும். திறந்த பெட்டிக்குள் இருநூற்றைம்பது வோல்ட். முழுசாக மரத்தாலான ஒரு குச்சியைத் துடைத்து எடுத்தார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் பேன்ட் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"கரண்ட் ஒரு கைக்குள்ள போனா விரலோட போகும். ரெண்டு கைக்கும் நடுவுல நெஞ்சு இருக்கு. நீ சுவிட்சுல கை வச்சுக்கிட்டு நில்லு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத் தொடாதே, முதல்ல அணை."

"தொடாதேன்னா எப்படிங்க?"

"தொடாதேன்னா தொடாதே!"

அவள் சுவிட்சில் விரலை வைத்தாள். அவர் பெட்டியின் மேல் குனிந்தார். கம்பிகளை ஈயத்தால் ஒட்டிய பற்றுகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டினார்: ஒன்று, இரண்டு, ஐந்து. இரைச்சல் மாறவில்லை. வியர்வை மூக்கு நுனியில் திரண்டது; துடைக்க மறு கை இல்லை. பெட்டிக்குள் சொட்டிவிடாமல் தலையைத் திருப்பித் தோளில் தேய்த்துக்கொண்டார். ஒன்பதாவது பற்றை, வால்வின் காலுக்குக் கம்பி வந்து சேரும் இடத்தை, குச்சியால் அழுத்தினார்.

இரைச்சல் நின்றது. இடப்பக்கம் பாடியது.

குச்சியை எடுத்தார். இரைந்தது. அழுத்தினார். பாடியது.

"அணைச்சிடு."

பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஈயம் முத்துப் போல உருண்டு பளபளவென்று இருந்தது. ஆனால் காலைப் பிடிக்கவே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. பணிமனையில் பற்றவைப்புக்குப் பெயர் போன கை அவருடையது.

மூன்று முப்பத்தைந்து. கம்பெனி தந்த ஈயம் மட்டம் என்று எழுதலாம். யாரும் சோதிக்கப் போவதில்லை. ஒரு மூச்சு நேரம் அந்த நினைப்பு இருந்தது. பிறகு ஃபோனை எடுத்தார்.

"கோளாறு என் பற்றுல. உங்க சாமான் மேல ஒரு குறையும் இல்ல."

முதலாளி சிரித்தான். "இரக்கப்பட்டுச் சொல்றீங்க சார்."

"இரக்கம் இல்ல, அளவு. படம் அனுப்பறேன். 'நான் எழுதினது பொய்க் குற்றச்சாட்டு'ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். உங்களுக்கு ஒண்ணு, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒண்ணு. இதுக்கு அப்புறமும் என் முதல் லெட்டரைக் காட்டினீங்கன்னா, அவ பக்கம் சாட்சி சொல்ல நானே வந்து நிப்பேன்."

முதலாளி ஃபோனை வைத்துவிட்டான்.

எழுதினார். ஃபோனிலேயே அனுப்பியதால் மூன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றும் போய்ச் சேர்ந்தன. கணவனும் மனைவியும் மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு. நாலு ஐந்து. நாலு பத்துக்கு ஃபோன் அடித்தது.

"தாளைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு சார். கையெழுத்துப் போடல. என்னை முறைச்சுக்கிட்டே போனாரு. சரி, வேலை கிடக்கு."

வைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியத்தோடு அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"எழுத்துல கொடுத்துட்டேனே."

"அது முதலாளி வாயை அடைக்க. லெட்டர்ல திட்டு வாங்கினவ அவ."

திரும்ப அழைத்தார். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தாள். அவளுக்குப் பின்னால் சாமான் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

"சொல்லுங்க சார். ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"தப்பு என்னோடதும்மா," என்றார். "உன் கையைப் பத்தி அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி சார்," என்றாள்.