நத்தை கொம்பை நீட்டும்போது

எங்கள் வீட்டில் திடீரென்று சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நெட் நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் மலைச்சரிவுக்குள் பதுங்கியிருப்பதால், கைப்பேசிக்குச் சிக்னல் வருவதும் போவதும் பனிமூட்டத்தின் இஷ்டம். திரையில் பேசிக்கொண்டிருப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். நாங்களும் ஒரு 'உச்' கொட்டிவிட்டு, விரலால் படத்தை முன்னே தள்ளிவிடுவோம். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தப் பழக்கம் உண்டு. இந்தப் பழக்கம்தான் என்னைப் பல மாதங்கள் முட்டாளாக்கி வைத்திருந்தது.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியை. ஐந்து வயதும் ஆறு வயதுமாகப் பிள்ளைகள். அவர்களைக் கட்டி மேய்க்க வாய் வேண்டும். அது எனக்குத் தாராளமாகவே இருக்கிறது. கேள்வியும் நானே கேட்பேன், பதிலும் நானே சொல்வேன், சரியாகச் சொன்னதற்கு நானே கை தட்டிக்கொள்வேன். என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நிற்பதால் வீட்டில் அவர் தேவைக்கு மேல் பேசுவதில்லை. எங்களுக்கு ஒரே மகள். அவள் பேசவே இல்லை.

ஐந்து வயது முடிந்தும் அவளிடம் இருந்தவை அம்மா, அப்பா, பால், அவ்வளவுதான். காது நன்றாகக் கேட்டது. சொன்னதெல்லாம் புரிந்தது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சர் வாயி ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுதுலா. அப்புறம் அது எதுக்குப் பேசணும்?" நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஆண்டு அவள் என் பாலர் வகுப்புக்கு வந்தாள். அது முடிந்தால் ஒன்றாம் ஆண்டு. இப்படியே இருந்தால் மலைக்குக் கீழே இருக்கும் பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்ப்பதுதான் அவளுக்கு நல்லது என்று தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார். மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் அவளைப் பார்த்துவிட்டு, நம் பள்ளியே போதும் என்று சொன்னால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். தலைமையாசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். கீழே போய் அந்த வகுப்பைப் பார்த்தேன். நல்ல வகுப்பு, பொறுமையான ஆசிரியர்கள். ஆனால் எங்கள் மலைப்பாதையில் முதல் சில வளைவுகளிலேயே வாந்தியெடுக்கும் பிள்ளை அவள். தினமும் இருட்டில் வேனில் ஏறி, அங்கே அவளைத் தெரிந்த ஒரு முகமும் இல்லாமல் உட்கார வேண்டும். என் மகள் எங்கள் பள்ளியில், தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒன்றாம் ஆண்டில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் தோழி ஒருத்தி சிறுவர் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை அனுப்பினாள். தமிழ் நிகழ்ச்சி. ஆசிரியர்கள் வகுப்பில் போட்டுக் காட்டுவதற்கென்றே சின்னச் சின்னத் துண்டுகளாக நெட்டில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு நத்தை பொம்மை. பச்சைத் துணி உடம்பு, ஸ்பாஞ்சால் செய்த ஓடு, கொம்பு நுனியில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். அது ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, "இது என்ன? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுக் கொம்பை நீட்டும். உடனே படம் நின்றுவிடும். நான் 'உச்' கொட்டி முன்னே தள்ளுவேன். "ஆமாம், பூனை!" என்று நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த பொருள், அடுத்த கேள்வி, மறுபடியும் நின்றுவிடும். நெட் கம்பெனிக்காரர்களை நான் திட்டாத திட்டு இல்லை. சரியாகக் கொம்பு நீட்டும் இடத்தில் மட்டும் எப்படி நிற்கிறது என்று ஒருதடவையாவது யோசித்தேனா என்றால், இல்லை.

வழி சொன்னவர் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அவர் கடையில்தான் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, கடையின் வைஃபை ரகசிய எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். "இங்கயே எறக்கிக்கங்க தங்கச்சி. வீட்டுல போயி டிவியில சொருவிப் பாத்தா நிக்காது." அன்றிலிருந்து வாரக் கடைசியில் நாங்கள் மூவரும் அவர் கடையில் உட்கார்ந்திருப்போம். ஒரு கிளாஸ் டீயை ஆற வைத்து ஆற வைத்துக் குடிப்போம். சாப்பிட ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும், எழுந்திருப்பேன். "முழுசா எறங்கட்டும், உக்காருங்கலா" என்று சொல்லிவிட்டு, மகள் கையில் ஒரு துண்டு ரொட்டி சானாய் பரோட்டாவைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேறு கடையில் மட்டும் நாங்கள் டீ குடிப்பதில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பென் டிரைவில் கொண்டுவந்த படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தை ஓர் இலையைக் காட்டியது. "இது என்ன? சொல்லுங்க பார்ப்போம்." கொம்பு நீண்டது. படம் நின்றது.

"பாய் கடை நெட்டும் இந்த லட்சணம்தானா!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். இரண்டு கையிலும் மாவு. முழங்கையால் ரிமோட்டை அழுத்தலாம் என்று குனிந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"கொளுந்து" என்றாள்.

நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஆமாம், இலை!" என்றது. மகள் முகத்தைச் சுளித்தாள். "கொளுந்து" என்று இன்னொருதரம், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள்.

மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெட் நிற்கவில்லை. எந்த நாளும் அந்த இடத்தில் நின்றதில்லை. நத்தை கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறது. பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று யாரோ யோசித்து யோசித்து விட்டுவைத்த இடைவெளி அது. நான் அதைத்தான் மாதக்கணக்காக விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். அவளை வாரிக் கட்டிக்கொண்டேன். அவள் தலைமுடியெல்லாம் மாவு. வேலை முடிந்து வந்த கணவர் எங்கள் கோலத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாச்சு?" என்றார். பேச வராமல் நான் டிவியைக் காட்டினேன். நான் வாயடைத்துப்போய் அவர் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அதே படத்தை வகுப்பில் போட்டேன், எதையும் தள்ளாமல். இலையைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "கொளுந்து!" என்று கத்தினார்கள். "ஆமாம், இலை!" என்றது நத்தை. வகுப்பில் பெரிய கலவரம். "டீச்சர், நத்தைக்குத் தெரியலலா!" என்றான் ஒருவன். நத்தை டவுனில் இருக்கிறது, நாம் தேயிலைக்கு நடுவில் இருக்கிறோம், இரண்டும் சரிதான் என்றேன். ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம வேற சொன்னாலும் ஆமாம்னுதான் சொல்லுது, நல்ல நத்தை" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு காத்திருக்கப் பழகினேன். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் போன்ற ஆட்களுக்கே புரியும். கணவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. "மெஷின் சத்தத்துல ஒண்ணு கேட்டா, அந்த ஆளு வாயத் தொறக்கற வரைக்கும் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும். வேற வழியில்ல" என்றார். எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. வகுப்பில் கேள்வி கேட்டதும் இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக்கொள்வேன். கொம்பு இருக்கும்வரை நான் பேசக்கூடாது, கேட்கப்பட்ட பிள்ளையைத் தவிர வேறு யாரும் பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. யாரிடம் யார் எதைக் கேட்டாலும் கொம்பு வைக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "டீச்சருக்கு என்னா, தலையில பேன் கடிக்குதா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் உண்மையாகவே சிரித்தேன்.

மகளிடம் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் வாயை மூடியிருந்த நேரங்களில்தான் அதிகம் வந்தன.

டிவி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கெடுக்கிற டிவியும் இருக்கிறது. பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் சமையலைப் பார்த்த நாட்களும் உண்டு. ஆனால் அந்தப் பொம்மைக்குள் கையை விட்டுக்கொண்டு, எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில், கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகளின் பதிலுக்காகக் கொம்பை நீட்டிக்கொண்டு பேசாமல் காத்திருந்தாரே ஒருவர், அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் படித்து நான் எழுதாத பாடக்குறிப்பு இல்லை. காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய கைதான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். மலை மேலே திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று வழி நெடுக எங்கள் முன்னால் ஊர்ந்துகொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் ஹாரன் அடித்தே கையை ஒடித்திருப்பேன். அன்று அதன் வேகத்துக்கே போனேன். மகள் வாந்தி எடுக்கவில்லை. பின்னாலிருந்து "கோபீஸ்" என்று லாரியைக் காட்டினாள். எங்கள் பக்கம் முட்டைக்கோஸுக்கு அந்த மலாய்ச் சொல்தான்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண். சிரித்த முகம். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். இலை.

"இனி அபா?" என்று கேட்டார். 'இது என்ன' என்று மலாயில் அர்த்தம். மகள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா ஃபேக்டரிக்குப் போயிட்டாரு" என்றாள்.

நாற்காலியில் பாதி எழுந்துவிட்டேன். இலையைக் காட்டினால் ஃபேக்டரி என்கிறாளே, தப்பாக எடுத்துக்கொள்வாரே, அவள் காதில் 'அப்பா' என்று விழுந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும்! இவ்வளவும் என் நாக்கு நுனியில் நின்றது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தார். பிறகு 'அப்பா'வும் 'ஃபேக்டரி'யும் அவருக்குப் பிடிபட்டுவிட்டன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மகள் அவர் கையிலிருந்த படத்தை வாங்கி அவருக்கே திருப்பிக் காட்டினாள். இரண்டு விரலைத் தலையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க பாப்போம்" என்றாள். காத்திருந்தாள். அவர் "டாவுன்?" என்றார். மலாயில் இலைக்கு அதுதான் சொல். மகள் கொம்பை எடுக்கவில்லை. பயிற்சியாளர் எங்கேயோ கேட்ட தமிழை நினைவுபடுத்திக்கொண்டு "இலை?" என்றார். மகள் விரலை இறக்கினாள்.

"ஆமாம், கொளுந்து!"

பயிற்சியாளர் என்னிடம் மலாயில் சொன்னதை அப்படியே மனத்தில் வைத்திருக்கிறேன். என்னுடைய கேள்விதான் அவள் காதில் தப்பாக விழுந்தது, காதில் விழுந்த கேள்விக்குச் சரியான பதிலை முழு வாக்கியமாகச் சொன்னாள், மாதாமாதம் இங்கே அழைத்து வாருங்கள், படிப்பு உங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும். திரும்பி வரும் வழியில் கியா பார்ம் ஸ்ட்ராபெரியை அவளுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று, எங்கள் தோட்டத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் மேலே போய்விட்டு வந்தேன்.

ஒன்றாம் ஆண்டின் முதல் நாள், என் வகுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவள் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றேன். ஆசிரியை புதியவர், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டார். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை அடுத்த பெயருக்குப் போக வாயைத் திறந்தார்.

முன் வரிசையில் ஒரு பையன் இரண்டு விரலைத் தலையில் வைத்தான். அடுத்தவளும் வைத்தாள். பிறகு வகுப்பு முழுக்க. போன ஆண்டு என்னிடம் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கொம்பை நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை. ஆசிரியை ஒன்றும் புரியாமல் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் என் மகள்.

எல்லாரும் விரலை இறக்கினார்கள். ஆசிரியை அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வகுப்புக்குப் போனேன்.