எரியூட்டும் நிலையம்

எங்கள் ஊர் சண்டை சச்சரவை மறந்து ஒன்றுகூடியதை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே புகைபோக்கியின் பொருட்டு. இரண்டு தடவையும் என் அக்காவுக்காக இல்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் கல்யாணமாகி கோவில்பட்டியில் இருந்தேன். அக்கா பிறந்த ஊரிலேயே, மேற்கே கடைசி வீட்டில் இருந்தாள். அத்தான் இறந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஓட்டு வீடு ஒன்றுதான். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து வாடையிலேயே பல வருஷம் கிடந்து, மூச்சிழுப்பு வந்து, வேலையிலிருந்து நின்றிருந்தாள். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி கிளம்பினால் போதும், ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பருத்திக் காட்டை ஏதோ ஒரு கம்பெனி வாங்கியது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் 'எரியூட்டும் நிலையம்' என்று இருந்தது. எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தானோ தெரியாது. எங்கள் பக்கம் எரியூட்டுவது என்றால் பிணத்தைத்தான். சாவு நோட்டீஸைத் தவிர வேறெங்கும் நாங்கள் அந்த வார்த்தையைப் பார்த்ததில்லை. டவுன் பிணங்களையெல்லாம் கொண்டுவந்து கரண்டு வைத்து எரிக்கப் போகிறார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. கோயில் கொடைக்கு வரி பிரித்ததில் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள்கூட ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தன. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் தலைமை ஏற்றார்.

"கண்ட சாதிப் பொணமும் நம்ம அம்மன் கோயிலத் தாண்டித்தான போகும்? தீட்டுப் பட்ட ஊர்ல மழ எப்பிடிப் பெய்யும்?" என்று கேட்டார்.

தீட்டு இல்லாத காலத்தில் மட்டும் மழை கொட்டித் தீர்த்ததா என்ன? ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். சாலை மறியலுக்கு நாள் குறித்தார்கள்.

அக்காவின் கவலை வேறு. "பொணமோ என்னமோ, பொகை வரும்லா ஏட்டி? மேக்காத்து அடிச்சா நேரா என் வீட்டுக்குள்ளதான வரும்" என்றாள். எட்டயபுரம் ரோட்டில் ஊரோடு ஊராக அவளும் போய் உட்கார்ந்தாள். மறியலுக்கென்று வந்திருந்த நான் பக்கத்தில் இருந்து முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். பொறுமையான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுடுகாடுன்னு யாருங்க சொன்னது? ஆஸ்பத்திரிக் குப்பைய எரிக்கிற இடம். ஊசி, பஞ்சு, கட்டுத்துணி, அவ்வளவுதான். ஒரு பிணம்கூட இங்க வராது. அதுக்கு நான் பொறுப்பு."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அக்கா எழுந்து, "ஐயா, அந்தப் பொகை..." என்று ஆரம்பித்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. அவள் இருமி முடிப்பதற்குள் பாதிப் பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"அதான் பொணம் இல்லன்னு சொல்லிட்டாவள்லா. பொறவு என்ன?" என்றார் அண்ணாச்சி. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

புகைபோக்கி எழும்பியது. பிளாஸ்டிக்கும் மருந்தும் சேர்ந்து தீய்கிற வாடை. அக்கா மேற்கு ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தாள். ஓட்டு இடுக்கை எதை வைத்து அடைப்பது? என்னோடு வந்து இரு என்று கோவில்பட்டிக்குக் கூட்டிவந்தேன். ஒரு வாரம் இருந்தாள். "உன் மாமியா மொகத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்குட்டி இருக்க முடியும்?" என்று திரும்பிப் போய்விட்டாள். இரண்டு பேரும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம், "அப்பவே உங்க ஊர்ல சம்மதிச்சாச்சே. கைகூடத் தட்டுனீங்களாமே?" என்றார்கள். உண்மைதானே, தட்டத்தான் செய்தோம்.

சில வருஷம் கழித்து, கழிவு ஏற்றிவந்த வேனிலிருந்து ஒரு பை அம்மன் கோயில் பக்கத்தில் விழுந்தது. நாய்கள் அதைப் பிய்த்தன. உள்ளே யாரோ பெற்ற பிள்ளையின் நஞ்சுக்கொடி. அன்றைக்கு ஊர் மறுபடியும் கூடியது. வேனை மறித்தார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து, இனிமேல் நன்றாக மூடிய வண்டியில்தான் கொண்டுவருவோம் என்றார்கள். கண்ணில் படாவிட்டால் தீட்டில்லை போலும், ஊர் ஒத்துக்கொண்டது. தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேளம் வைத்துப் பூஜை நடத்தினார்கள்.

மேளச் சத்தம் கேட்டபடி அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். "ஏட்டி, நான் செத்தா என்னைய அங்கன கொண்டுபோய் எரிக்கச் சொல்லு" என்றாள்.

"கோட்டி மாதிரிப் பேசாத" என்று ஏசினேன்.

"கோட்டி இல்லட்டி. ஒத்தப் பொணம் அதுல எரிஞ்சாப் போதும். மறுநாளே ஊரு கூடி அத இடிச்சிப் போடும். இந்தத் தெருவுல எம்புட்டுச் சின்னப் புள்ளைய இருக்கு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஆடியில் போய்விட்டாள். பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்களிடம் அவள் கேட்டதைச் சொன்னேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "துக்கத்துல என்னமோ சொல்லுதா. உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி.

கிழக்கே இருக்கிற எங்கள் சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும், நின்றோம். எதிரே மூடிய வேன் வந்தது. பாடையைப் பார்த்ததும் டிரைவர் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிக் கும்பிட்டான். பாடை தாண்டியதும் வண்டியை எடுத்தான். பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் நடுத்தெருவிலேயே நின்றேன். ஹாரன் அடித்தான். யாரோ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். வேன் மேற்கே போனது.