வக்கீல் போட்ட வெள்ளைத் தரை

அவன் கோர்ட்டுப் படியை மிதித்தவன் இல்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைத்திருப்பான் என்பதால் அவனுக்கு வக்கீல் என்று பேர் வைத்தேன். நான் எலக்ட்ரீசியன். அவன் தரையில் தவழ, நான் ஏணியில் நிற்க, இருபது வருடமாக ஒரே வீடுகளில்தான் எங்கள் பிழைப்பு.

அவன் வேலையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். போர்சிலின் டைல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமென்டில் வைத்தால் ஒட்டினது மாதிரி நடித்துவிட்டு, ஆறு மாதத்தில் கழன்றுகொள்ளும். அதற்கென்று உள்ள பசையைப் பல் வைத்த கரண்டியால் தரையில் வாரி இழுப்பான். டைலின் முதுகிலும் ஒரு பூச்சு. பிறகு வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் போட்டுப் பார்ப்பான். மறுநாள் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே வருவான். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடுமாம். அவன் போட்ட தரையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வாய்தான் அவனுக்கு எதிரி. ஒரு டாக்டர் வீட்டில், "நாலு மூலைக்கு நாலு உருண்டை பசை வெச்சு ஒட்டிட்டுப் போப்பா, சீக்கிரம் முடியட்டும்" என்றார் டாக்டர்.

"நீங்க ஆபரேஷன் பண்ணிட்டு நாலு மூலையில மட்டும்தான் தையல் போடுவீங்களா சார்?" என்று கேட்டான். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

இன்னொரு வீட்டில், குளியலறைக்குப் பளபளப்பு டைல் வாங்கி வைத்திருந்த அம்மாவிடம், "இது ஹாலுக்குப் போடறதும்மா. ஈரம் பட்டா எமன். விழுந்து எழுந்து என்னைக் கேக்கக் கூடாது" என்றான். வீடு கட்டுகிற நேரத்தில் விழுவதைப் பற்றியா பேசுவது என்று அங்கேயும் துரத்திவிட்டார்கள். பிறகு எந்த மேஸ்திரியும் அவனைக் கூப்பிடவில்லை. மூன்று மாதம் சும்மா கிடந்தான்.

அப்போது புத்தி சொன்ன மகான் நான். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அவங்க தரை, அவங்க கால். உனக்கு என்ன வந்தது? சரிங்கன்னு சொல்லிட்டுப் போயேன்." இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கற்றுக்கொண்டான். எதையும் உருப்படியாகக் கற்கிறவன் ஆயிற்றே. காய்வதற்குள் நடக்க வேண்டுமா, சரிங்க. பால்கனியில் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டாமா, சரிங்க. வேலைகள் வரிசையில் வந்து நின்றன. வக்கீல் என்ற பேர் மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் அக்கா வீடு கட்டினாள். சலவைக் கூடத்தில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவள். பதினோரு குடும்பத்துக்கு ஒரே குளியலறை உள்ள வாடகை வீட்டில், வாளியோடு வரிசையில் நின்று பாதி ஆயுசைக் கழித்தவள். கணவன் போன பிறகு மகளை ஆளாக்கி, கடைசியில் இரண்டு அறையும், தனக்கே தனக்கென்று ஒரு குளியலறையும் கட்டிக்கொண்டாள். குளியலறைத் தரைக்கு டைலை அவளே கடைக்குப் போய்த் தேடி எடுத்தாள். பெட்டியைப் பிரித்து ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். பால் வெள்ளை. பளபளப்பு.

"முகம் தெரியுது பாருடா தம்பி! எப்படி இருக்கு?"

அவன் கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் விட்டுக் கட்டைவிரலால் தேய்த்தான். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வாயைத் திறந்தான். பிறகு, சுவரில் ஸ்விட்ச் பெட்டி மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான்.

"ஆசையா வாங்கியிருக்காங்க. விடேன்" என்று முணுமுணுத்தேன்.

"நல்லாருக்குக்கா" என்றான்.

அந்தச் சின்னத் தரைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். வாட்டம் மயிரிழை பிசகவில்லை. ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம், சொட்டு நிற்காமல் ஓடியது. மேலே ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடவேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னான். அவனும் வாங்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏழாவது மாதம் சோப்புத் தண்ணீரில் அக்கா விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா மகள் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, அது பாத்ரூமுக்குப் போடற டைல்ஸ்தானா?"

அவன் பதில் சொல்வதற்குள் படுக்கையிலிருந்து அக்கா முந்திக்கொண்டாள். "அவனைப் போய் என்னடி கேக்கற? ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாயை மூடாதவன், என்கிட்டயா மறைப்பான்? தப்பான டைல்ஸ்னா அன்னிக்கே சண்டை போட்டிருப்பான். நான்தான் பார்த்து நடக்கல."

நாலு அறை விட்டிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும், "இப்பவாவது சொல்லிடு" என்றேன்.

"என்னன்னு சொல்றது? தெரிஞ்சேதான் போட்டேன்னா?"

விடச் சொன்னவனே நான்தானே.

மறுநாள் உளியும் சுத்தியலுமாக அக்கா வீட்டுக்குப் போனான். நானும் போனேன். ஒரு டைலாவது முழுசாக வரவேண்டுமே! அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தான். சில்லுச் சில்லாகத்தான் தெறித்தது. போட்டதற்கு இரண்டு நாள் என்றால் பேர்க்க மூன்று நாள். கையெல்லாம் கீறல். பிறகு சொரசொரப்பான சாம்பல் நிற டைலை ஒட்டினான்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். நேராகக் குளியலறை வாசலில் போய் நின்றாள்.

"என்னடா இது? என் வெள்ளையை ஏன் பேத்த? நல்லாத்தானே இருந்துது?"

இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். மறுபடியும் என்னைப் பார்த்துவிடப் போகிறானே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரியா ஒட்டலக்கா. அடியில காத்து நின்னுடுச்சு. என் வேலைதான் தப்பு."

அப்படியே நம்பினாள் அக்கா. தம்பி சொன்னால் அவளுக்கு வேறு சாட்சி வேண்டாம். "போனாப் போகட்டும் விடு. வயசாகுதில்ல உனக்கும்" என்று அவன் கையில் இருந்த கீறல்களைத் தடவிக் கொடுத்தாள்.

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் போட ஆள் கேட்டு வந்தால், இப்போதெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள்.

"என் தம்பி நல்லவன்தான். ஆனா வேலை முன்ன மாதிரி இல்ல."